நான்காவது அச்சம்

(செவிலிமேட்டில் மாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்வூர்ப் பிள்ளைகள் நால்வர் சென்ற மாதம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, தாங்கள் சொற்பச் செலவில் ஒரு திகில் படம் எடுக்கப்போவதாகவும், மூடிக் கிடக்கும் ஒரு சினிமாக் கொட்டகையில் ஓர் இரவு அகப்பட்டுக்கொண்டவர்களை முகமூடி அணிந்த ஒருவன் ஒவ்வொருவராகக் கொன்று தீர்ப்பதே கதையென்றும் சொல்லி, அதைப்பற்றி ஊரார் முன்னிலையில் நான் ஏதேனும் பேசவேண்டும் என்று கேட்டார்கள். இராமாயணமும் பாரதமும் பேசிப் பழகிய கிழவனிடம் கொலைப் படத்தைப்பற்றிப் பேசச் சொல்கிறார்களே என்று வீட்டில் உள்ளவர்கள் வியந்தார்கள். எனக்கு அதில் வியப்பொன்றும் தோன்றவில்லை. அச்சம் என்பது நம் இலக்கணம் மதித்து இடம் கொடுத்த ஒரு மெய்ப்பாடு; நாட்டிய சாஸ்திரம் அதைப் பயானக ரஸம் என்று பெயரிட்டு, கருமையை அதற்கு நிறமாகவும் காலனை அதற்கு அதிதேவதையாகவும் வகுத்து வைத்திருக்கிறது. ஆகவே பிள்ளைகள் என்னிடம் கேட்டது புதிய விஷயமன்று.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்று ஆசிரியர் வரையறுக்கிறார். அணங்கு முதலாவது, விலங்கு இரண்டாவது, கள்வர் மூன்றாவது. இம்மூன்றையும் யாரும் எளிதில் ஊகித்துவிடலாம். நான்காவதாக அவர் சொல்வதுதான் என்னை இத்தனை ஆண்டுகளாக நினைக்க வைத்திருக்கிறது. தமக்கு இறைவராய் இருப்பவர், அதாவது அரசர், ஆசிரியர், தந்தை என்று நம்மை ஆளும் நிலையில் இருப்பவர், அவர்களிடமிருந்தும் அச்சம் பிறக்கும் என்கிறார். பேயையும் புலியையும் கொள்ளைக்காரனையும் சொன்ன அதே மூச்சில், நாம் நம்பி வணங்குகிறவனையும் சேர்த்துச் சொல்லும் துணிவு அந்த ஆசிரியருக்கு இருந்தது. இன்றைய என் பேச்சு முழுவதும் அந்த நான்காவது அச்சத்தைப்பற்றியதே.

பிள்ளைகள் தங்கள் கதைக்கு முன்மாதிரியாகக் காட்டிய படம் ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டு இத்தாலியில் வெளிவந்தது. அந்நாட்டில் 'டெலிரியா' என்றும் ஆங்கில தேசங்களில் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' என்றும் பெயர். மிக்கேலே சொவாவி என்பவர் இயக்கிய முதல் கதைப்படம் அது. அதற்குமுன் அவர் தாரியோ அர்ஜெந்தோ என்னும் திகில் பட மேதையிடம் உதவியாளராக இருந்தவர். பெரிய நட்சத்திரங்கள் இல்லை, பெரிய காட்சி ஜோடனைகள் இல்லை. ஓர் இரவு, ஒரு நாடகக் கொட்டகை, பத்துப் பேர் கொண்ட ஒரு நாடகக் குழு, வெளியே ஓயாத மழை, அவ்வளவே மூலதனம். ஆந்தை முகம் தரித்த கொலைகாரன் ஒருவனைப்பற்றிய நாடகத்தை அந்தக் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறது. மனநோய் மருத்துவமனையிலிருந்து தப்பிய, முன்னாளில் நடிகனாயிருந்த ஒரு மெய்யான கொலைகாரன், அவர்களுடைய காரிலேயே ஒளிந்து வந்து வாசலில் ஒரு பெண்ணைக் கொன்றுவிடுகிறான்.

இதன்பின் நடப்பதை நீங்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டும். வேறு யாராயிருந்தாலும் குழுவைக் கலைத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த நாடகத்தின் இயக்குநனோ, நாளைக் காலைப் பத்திரிகைகளில் இந்தக் கொலை வரும், அந்தச் சூட்டிலேயே நாடகத்தை அரங்கேற்றிவிட்டால் ஜனங்கள் திரண்டு வருவார்கள் என்று கணக்கிட்டு, இரவோடிரவாக ஒத்திகையை நடத்தத் துணிந்து, ஒருவரும் வெளியேறாதபடி கதவைப் பூட்டச் சொல்லி, சாவியைத் தான்கூட அறியாத இடத்தில் ஒளித்துவைக்கும்படி ஒரு நடிகையிடம் கொடுத்துவிடுகிறான். கொலைகாரன் உள்ளேதான் இருக்கிறான் என்பதை அவன் அறியான். ஆந்தை முகமூடியோடு மேடைக்கு வருபவன் தன் நடிகன்தான் என்று எண்ணி, 'கொல்லு, இன்னும் உக்கிரமாகக் கொல்லு' என்று இருக்கையிலிருந்தபடியே ஏவுகிறான். அவன் ஏவியபடியே மேடைமீது, சாவியை ஒளித்துவைத்த அந்த நடிகை மெய்யாகவே கொல்லப்படுகிறாள். சாவி இருக்கும் இடமும் அவளோடு போய்விடுகிறது. வாசலில் காவலர் இருவர் காரில் உட்கார்ந்திருக்கிறார்கள்; மழையில் அவர்களுக்கு ஒன்றும் கேட்பதில்லை.

ஆந்தை முகம் இருக்கிறது, அது அணங்கும் விலங்கும் சேர்ந்தது. கத்தி இருக்கிறது, அது கள்வரின் பங்கு. இவை மூன்றும் நம்மைத் துணுக்குறச் செய்கின்றனவே ஒழிய, படம் முடிந்து இரண்டு நாள் கழிந்தபின்னும் என் நெஞ்சை விட்டு நீங்காதது பூட்டிய கதவு ஒன்றுதான். பூட்டியவன் கொலைகாரன் அல்லன், அவர்களுடைய குருநாதன்.

செவிலிமேட்டில் நின்றுகொண்டு இதைச் சொல்லும்போது, இவ்வூருக்கே உரிய ஒரு சரித்திரத்தை நினையாமல் இருக்க முடியவில்லை. நம் சாலைக் கிணற்றுக்கு ஆண்டுதோறும் எத்தனையோ பேர் வந்து சேவித்துப் போகிறார்கள். இராமாநுஜர் காஞ்சி வரதருக்குத் தீர்த்த கைங்கரியம் செய்த கிணறு என்பதை எல்லாரும் அறிவார்கள். அந்தக் கதையின் முற்பகுதி ஒரு கொலைச் சூழ்ச்சி என்பதைப் பலர் மறந்துபோனார்கள். திருப்புட்குழியில் வேதாந்த பாடம் சொல்லிக்கொடுத்த யாதவப்பிரகாசர், தம் பொருளுரைக்கு மாறாகப் பொருள் கண்ட மாணாக்கனைக் காசி யாத்திரை என்று அழைத்துப்போய்க் கங்கையில் முடித்துவிடுவது என்று மற்றவர்களோடு கலந்து தீர்மானித்தார் என்று குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. விந்திய வனத்தில், தம்பி முறையான கோவிந்தர் காதோடு காதாக எச்சரிக்க, இளைஞர் இராமாநுஜர் இருட்டில் தனியே விலகி ஓடுகிறார். அந்த வனத்தில் புலி இல்லையா, கள்வர் இல்லையா? இருந்தன, இருந்தார்கள். அவற்றையெல்லாம் அஞ்சாமல் அவர் காட்டுக்குள் ஓடியது நான்காவது அச்சத்தின் காரணமாக. வேடனும் வேடிச்சியுமாக வந்து வழித்துணையான வரதரும் தாயாரும் இராப்பொழுதில் தாகம் என்று சொன்னதும், விடியற்காலையில் அவர் இந்தக் கிணற்றில் இறங்கி மூன்று முறை கைகளால் நீர் ஏந்திக் கொடுத்ததும், நான்காம் முறை ஏறி வந்தபோது அவர்கள் மறைந்துபோக எதிரே வரதர் கோயிலின் புண்ணியகோடி விமானம் தெரிந்ததும் நீங்கள் பாட்டிமார் வாய்க் கேட்ட கதை. பிற்காலத்தில் அந்த யாதவப்பிரகாசரே இராமாநுஜருக்குச் சீடராகிக் கோவிந்த ஜீயர் என்னும் பெயர் பெற்றார். கதவைப் பூட்டியவரையும் வெளியே அழைத்துவந்த கதை அது. ஆகையால்தான் அச்சத்தில் தொடங்கிய கதையை நாம் பக்தியோடு கேட்கிறோம்.

இனிக் கூத்துக்கு வருவோம். சினிமா வருவதற்கு நெடுங்காலம் முன்பே கொலையை மேடையேற்றி, அதைக் குழந்தைகளும் மூதாட்டிகளும் விடிய விடிய உட்கார்ந்து பார்க்கும்படி செய்தவர்கள் நம் பக்கத்துக் கட்டைக்கூத்துக் கலைஞர்கள். காஞ்சிக்கு அணித்தான புஞ்சை அரசன்தாங்கலில் அக்கலைக்கென்றே 1990ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஒரு சங்கம் இயங்கி வந்ததை அறிவீர்கள். அவர்களுடைய சாதனங்களை எண்ணிப் பாருங்கள்: மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும், முகத்துக்கு அரிதாரம், ஒரு முகவீணை, ஓர் ஆர்மோனியம், மத்தளம், இரண்டு பேர் இரு முனையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு துணித் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் துச்சாதனன் வந்து நிற்கிறான். முதலில் அவன் குரல்தான் வருகிறது. பிறகு திரைக்கு மேலே கிரீடத்தின் நுனி; கீழே சலங்கை கட்டிய இரண்டு பாதங்கள். பாடிக்கொண்டே திரையை உள்ளிருந்து உலுக்குகிறான். அவன் முகத்தை நாம் காண்பதற்குள், நம் மடியில் உறங்கிக்கொண்டிருந்த குழந்தை விழித்துக்கொண்டு நம் வேட்டியைப் பற்றிக்கொள்கிறது. அந்தத் துணிக்கு என்ன விலை இருக்கும்? அச்சம் மறைப்பில் பிறக்கிறது என்பதை நம் கூத்தர்கள் ஒரு போர்வைத் துணியைக்கொண்டு நிரூபித்து வைத்திருக்கிறார்கள். பணமில்லையே என்று கவலைப்படும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய தைரியம் இதுதான்.

ஆனால் கூத்து மரபு மறைக்க மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை, கட்டவும் கற்றுக்கொடுத்தது. தஞ்சைப் பக்கத்து மெலட்டூரில், வரதராஜப் பெருமாள் கோயில் முன்பாக, நரசிம்ம ஜயந்தியை ஒட்டிப் பிரஹலாத சரித்திரம் நடக்கும். அங்கே நரசிம்மருடைய முகம் பூஜிக்கப்படுவது. அதைத் தரிக்கிறவர் உபவாசமிருந்து தரிக்கிறார். அது முகத்தில் ஏறியதும் அவருக்கு ஆவேசம் வந்துவிடும் என்பதும், எதிரே நிற்கும் இரணிய வேடக்காரருக்கு மெய்யாகவே ஆபத்து நேரலாம் என்பதும் அவ்வூர் அறிந்த செய்தி. ஆகையால் சிலர் கூடவே நின்று அவரை இறுகப் பற்றித் தடுத்துக்கொண்டே இருப்பார்கள். நரசிம்மர் முன்னே பாய்வதும் அவர்கள் பின்னே இழுப்பதுமாக அந்தக் காட்சி நடக்கும். நம் செவிலிமேட்டில் லட்சுமி சமேதராய்ச் சாந்தமாக எழுந்தருளியிருக்கும் அதே நரசிம்மர்தான் அங்கே உக்கிரமாக வருகிறார். தந்தையே இறையாகி, இறையே கொலைஞனாகிப் பிள்ளையை வருத்திய நான்காவது அச்சத்தின் கதைதான் பிரஹலாத சரித்திரம். அதைத் தீர்க்க வந்த தெய்வத்தையும் ஊரார் பிடித்துக்கொண்டே நடத்துகிறார்கள். இத்தாலிய இயக்குநன் இருக்கையிலிருந்தபடி 'இன்னும், இன்னும்' என்று ஏவியதையும், மெலட்டூரில் கூட நிற்பவர்கள் பிடித்த கையை விடாமல் நிற்பதையும் மனத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள். மேடையில் கொலையைக் காட்டுகிறவனுக்கு வேண்டிய படிப்பெல்லாம் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் போன ஒரு சந்தர்ப்பமும் நம் நாடக உலகில் உண்டு. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைப்பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி அது. 1867இல் தூத்துக்குடிச் சீமையில் பிறந்து, இளமையில் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன் என்று பயங்கர வேடங்களிலேயே பெயரெடுத்தவர் சுவாமிகள். ஒரு முறை சாவித்திரி நாடகத்தில் எமனாகப் பாசக்கயிற்றை வீசிக்கொண்டு அவர் வந்த வேகத்தைக் கண்டு, பார்த்திருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கருக் கலைந்துபோயிற்றாம். மற்றொரு முறை நள நாடகத்தில் சனீஸ்வரனாக நடித்துவிட்டு, பொழுது புலராத வேளையில் வேடத்தோடு குளக்கரைக்கு முகம் கழுவப் போனபோது, துணி வெளுக்க வந்த ஒரு பெண் அவரை எதிர்கொண்டு அந்த இடத்திலேயே உயிர் நீத்தாளாம். கொட்டகையிலும் கொட்டகைக்கு வெளியிலும் தம் வேடமே கொலைகாரனாகிவிட்டது என்று கண்ட அந்த மனிதர் என்ன செய்தார்? ஊர் ஊராக விளம்பரம் செய்து டிக்கட்டு விலையை ஏற்றியிருக்கலாம். உயிரைக் குடித்த எமன் என்று நோட்டீசு அடித்திருந்தால் கொட்டகை கொள்ளாத கூட்டம் வந்திருக்கும். அவர் வேடம் புனைவதை விட்டுவிட்டு, எழுதவும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் உட்கார்ந்தார். 1918இல் மதுரையில் அவர் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில்தான் டி. கே. எஸ். சகோதரர்கள் பயின்றார்கள். தமிழ் நாடகத்துக்கு அவர் எழுதித் தந்த செல்வமெல்லாம் அந்த எமன் முகத்தைக் கழற்றி வைத்த கையால் எழுதப்பட்டது என்று நினைக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது.

சினிமாவில் இந்த அடக்கத்தைக் கண்டவர் யார் என்று கேட்பீர்களானால், வீணை எஸ். பாலசந்தர் என்று தயங்காமல் சொல்வேன். பாட்டில்லாமல் தமிழ்ப் படம் ஓடுமா என்று எல்லாரும் கேட்ட 1954இல், 'அந்த நாள்' என்னும் கொலைக் கதையை ஒரு பாட்டும் இல்லாமல் எடுத்தவர் அவர். 'பொம்மை'யை 1964இல் எடுத்தார். அவர் கடைசியாக இயக்கிய 'நடு இரவில்', எடுத்து முடித்தபின் வாங்குவாரின்றிச் சில ஆண்டுகள் பெட்டியில் கிடந்து 1970இல் வெளிவந்தது. அகதா கிறிஸ்டி 1939இல் எழுதிய நாவலைத் தழுவிய கதை. தனித் தீவில் ஒரு பங்களா, அங்கே வந்து சேரும் உறவினர் கூட்டம், ஒவ்வொருவராக விழும் கொலை. மேஜர் சுந்தரராஜனும் பண்டரிபாயும் நடித்தார்கள். பாலசந்தரே தயாரித்து, இயக்கி, இசையமைத்து, மருத்துவர் வேடமும் ஏற்றார்.

அந்தப் படத்தை நான் பார்த்தது பாலாற்றுக்கு அக்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகையில். தரை டிக்கட்டு, மணலைக் குவித்து மேடாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரே புரொஜெக்டர் ஆகையால் ஒவ்வொரு முறையும் சுருள் மாற்றும்போது விளக்கைப் போடுவார்கள். விளக்கெரிந்ததும் முறுக்குக்காரனும் சோடாக்காரனும் கூவிக்கொண்டு வருவதும், விசிலடிப்பதும், பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் வழக்கம். அன்றைக்கு இரண்டாவது கொலைக்குப்பின் விளக்கெரிந்தபோது ஒருவரும் பேசவில்லை. எல்லாரும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் முகத்தைத் திரும்பிப் பார்த்தோம். இதுதான் எனக்கு இன்றளவும் நினைவிலிருக்கிறது. கொன்றவன் வெளியிலிருந்து வந்த பேயல்லன், உறவில் ஒருவனாகவே இருக்கவேண்டும் என்று திரை சொல்லிவிட்டிருந்தது; அந்தச் சந்தேகம் திரையிலிருந்து இறங்கி மணல்மேட்டுக்கு வந்து எங்கள் நடுவே உட்கார்ந்துகொண்டது. அத்தனை பயத்தையும் உண்டாக்க எவ்வளவு இரத்தத்தைக் காட்டினார் என்று எண்ணிப் பார்த்தால், அற்பம். படிக்கட்டைக் காட்டினார், கதவைக் காட்டினார், கதவுக்கு அப்பால் ஒரு சப்தத்தைக் கேட்க வைத்தார். வீணையில் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து நாலு ஸ்வரங்களைக் காட்டுகிற கை அது. மீட்டாத இடத்திலும் நாதம் தொடர்வதை அறிந்த கை. படம் விட்டபின், சேர்ந்து போயிருந்த நாங்கள் பன்னிரண்டு பிள்ளைகளும் கைகோத்துக்கொண்டு, வறண்ட பாலாற்று மணலில் ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டே இக்கரை சேர்ந்தோம். பயந்து வந்தோம், ஆனால் பன்னிருவரும் ஒன்றாக வந்தோம்.

இதற்கு நேர்மாறாக, அமெரிக்க தேசத்தில் வில்லியம் காசில் என்று ஒருவர், 1959இல் 'தி டிங்க்ளர்' என்னும் மலிவுப் படத்துக்காகக் கொட்டகை நாற்காலிகளின் அடியில் அதிரும் மோட்டார்களைப் பொருத்தி, கொல்லும் பிராணி தியேட்டருக்குள்ளேயே தப்பிவிட்டது என்று திரையை இருட்டாக்கி ஜனங்களை அலற வைத்தார். கெட்டிக்காரத்தனம்தான், ஆயினும் மோட்டாரை நிறுத்தினால் அச்சமும் நின்றுவிடும். அதைப்பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

நெசவு தெரிந்த சபையில் ஜரிகையை உவமை சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, எனினும் சொல்கிறேன். ஜரிகை விலை உயர்ந்தது, பளபளப்பது என்பதற்காகப் புடவை முழுவதும் அதையே ஓட்டினால் அதை யாரால் உடுத்த முடியும்? கனத்துத் தொங்கும், உடலை அறுக்கும். உடலைப் பட்டாக நெய்து, கரையிலும் முந்தியிலும் அதை நிறுத்தி, இரண்டும் சேருமிடத்தில் கோர்வை பிசகாமல் பிடிப்பதில் அல்லவா உங்கள் கைத்திறன் இருக்கிறது! கொலைப் படத்தில் இரத்தம் அத்தகையது. பிள்ளைகள் தங்கள் கதையில் ஒன்பது கொலைகள் வைத்திருப்பதாகச் சொன்னார்கள். மூன்று போதும் என்பது என் அபிப்பிராயம்.

அவர்கள் கதையில் எனக்கிருக்கும் பெரிய குறை வேறொன்று. கொட்டகைக் கதவை யார் பூட்டினார் என்று கேட்டேன். தானாகச் சாத்திக்கொண்டது என்றார்கள். அது வேண்டாம், பிள்ளைகளே. ஒரு மனிதன் பூட்டட்டும். அவன் அந்தக் கொட்டகைக்காரனாக இருக்கட்டும், அல்லது அவர்களை அங்கே அழைத்துவந்த பெரியவனாக இருக்கட்டும். எதற்காகப் பூட்டினான் என்பதைப் படம் பார்ப்பவர் அறியட்டும். சொவாவியின் படத்தின் முடிவில், ஆந்தை முகத்தான் தான் கொன்றவர்களையெல்லாம் மேடையில் ஜோடித்து வைத்து, இறகுகள் பறக்க, நடுவே நாற்காலியில் மடியில் பூனையோடு அமர்ந்திருக்கிறான். தொலைந்த சாவி மேடைப் பலகைகளின் இடுக்கில், அவன் காலடியில் கிடக்கிறது. தப்பிப் பிழைத்த ஒரே பெண் மேடைக்கு அடியில் ஊர்ந்து வந்து, மூச்சையடக்கி, பலகையின் கீழிருந்து அதை எட்டப் பார்க்கிறாள். அந்த ஒரு விரற்கடை இடுக்கைப் பார்த்திருந்தபோது எனக்கு ஆந்தை முகம் மறந்துபோயிற்று. சாவி ஒன்றுதான் கண்ணில் நின்றது. அப்படியொரு சாவி உங்கள் கதையிலும் இருக்கட்டும். அது எங்கே இருக்கிறது என்று பார்ப்பவருக்குத் தெரியட்டும்.

கடைசியாக இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். மெய்யாகவே அந்தக் கொட்டகையில் இரவில் படம் பிடிக்கப்போகிறீர்கள். பழைய கட்டடம், மின்கம்பிகள் தொங்குகின்றன, பின்கட்டில் மேற்கூரை சரிந்திருப்பதை நானே பார்த்தேன். நடிக்க வருகிறவர்களில் இருவர் இன்னும் பள்ளிக்கூடத்தில் படிக்கிறவர்கள். படப்பிடிப்பு நடக்கும் இரவெல்லாம் வாசற்கதவு திறந்தே இருக்கவேண்டும். வாசலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருக்கவேண்டும். வேறு யாரும் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள்; நாற்காலி போட்டு நானே உட்கார்ந்திருக்கிறேன்.